பெண் பார்க்கப் போன கம்பளிக் கோட்டு

ஏற்காட்டு மலையெங்கும் வெள்ளைக்காரத் துரைகளின் காபித் தோட்டங்கள் இருந்த காலம். குப்பனூருக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில், எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பனி மேலேயே நின்றுவிட்டது. அடி வைக்க வைக்க வெயில் கனத்தது.

“கழட்டுனா பொண்ணு தருவாங்க. போட்டுட்டுப் போனா வைத்தியரத்தான் கூப்புடுவாங்க,” என்றாள் அக்கா.

அவன் போட்டிருந்தது துரை கழித்துக் கொடுத்த கம்பளிக் கோட்டு. முகமெல்லாம் வேர்வை ஒழுகியது.

“வேர்வை வெளிய தெரியக்கூடாதுன்னு தானுங்க்கா போட்டிருக்கறேன். போன தடவ பாத்த ஊட்டுல, சட்டை நனைஞ்சதப் பாத்து மலைக்காய்ச்சக்காரன்னு சொல்லிப்போட்டாங்க.”

“மேல பனிக்குப் போடறதக் கீழ வெயிலுக்குப் போட்டா, நல்லாருக்கறவனுக்கும் காய்ச்ச வந்துரும் சாமி. இந்தா, தறித்துணிச் சட்டை. தொளதொளன்னு தெச்சு வாங்கியாந்திருக்கறேன். காத்துப் போகும். நனைஞ்சாலும் நடக்கறதுக்குள்ள காஞ்சிரும்.”

“அப்பவும் வேர்த்தா?”

“வேர்க்கட்டும். ‘எனக்கு நொம்ப வேர்க்குமுங்க, நோவு ஒண்ணுமில்லீங்க’ன்னு நீயே சொல்லிப்போடு.”

அவன் பாறை மறைவில் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். முதுகில் காற்று பட்டதும் கண்ணை மூடிச் சற்று நின்றான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்:

“ஏனுங்க்கா, அந்தப் புள்ளைக்கும் வேர்க்குமா?”

“இந்நேரம் அடுப்புக்கிட்ட நின்னு நமக்குப் பலகாரம் சுட்டுட்டு இருப்பா. வேர்க்காம?”

கோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, அவன் முன்னால் வேகமாக இறங்கினான்.