டப்ஸை எடுக்கலாமா

மார்லா: இன்னும் மூணு மணி நேரம் பத்து நிமிஷம்தான் இருக்கு, லைல். டுவேன் வீட்டு நிலவறைக்கு லீக்காரங்க எல்லாரும் வந்து, அவங்கவங்க காகித அணிக்கு ஆட்டக்காரங்க பேரைக் கூப்பிட்டு எடுக்க ஆரம்பிக்கறதுக்குள்ள நாம முடிவு பண்ணியாகணும். போன வருஷம் நமக்கு ஆடின மூத்த ஆளையே எடுப்போம்.

லைல்: டப்ஸ்.

மார்லா: ஒரு வாரமா போன் எடுத்தா இதே பேர்தான்.

லைல்: இருபத்திரண்டு வயசு. வீசவும் வீசறான், ஓடவும் ஓடறான். நம்ம லீக் கணக்குல, நெஜ ஆட்டத்துல பந்தை வீசற குவார்ட்டர்பேக் பத்து கெஜம் ஓடினா நமக்கு ஒரு புள்ளி. அதே புள்ளிக்கு வீசறவன் இருபத்தஞ்சு கெஜம்...

மார்லா: எனக்கே பாடம் நடத்தறியா? பத்தொன்பது வருஷமா அந்தப் புள்ளியெல்லாம் கூட்டினவ நான்.

லைல்: அப்ப ஒத்துக்க.

மார்லா: ஓடறவன் அடி வாங்குவான். அஞ்சாவது வாரம் முட்டியைப் புடிச்சுக்கிட்டுக் கெடப்பான். நம்ம அணியும் அவன் பக்கத்துலயே படுத்துக்கும்.

லைல்: அவன் கடைசியா ஆடின ஆறு ஆட்டம். எத்தனை கெஜம் ஓடியிருக்கான், படி.

மார்லா: உன் கம்ப்யூட்டர்லயும் அதே பக்கம்தானே இருக்கு?

லைல்: நீ படிச்சா நல்லா மண்டையில ஏறும்.

மார்லா: இதைக் கல்யாணம் ஆன புதுசுல சொல்லியிருக்கலாம்... நாப்பத்தெட்டு. அறுபத்தொண்ணு. முப்பது. எழுபத்திரண்டு. பதினொண்ணு. அம்பத்தஞ்சு.

லைல்: சராசரி நாப்பத்தாறு. அவன் பந்தை வீசறதுக்கு முன்னாடியே நமக்கு நாலரைப் புள்ளி வந்துடுச்சு.

மார்லா: மனக்கணக்கு மட்டும் இன்னும் துருப் புடிக்கலை.

லைல்: பதினொண்ணு எதனால?

மார்லா: மழை. ரெண்டு தடவை பந்தை நழுவ விட்டிருக்கான். இவனை நம்பி முதல் சுற்றையே குடுக்கச் சொல்றே.

லைல்: மழையில நீயும்தான் கார் சாவியை நழுவ விட்டே. சாக்கடையில.

மார்லா: நழுவவிட்டது நீ. பழியை ஏத்துக்கிட்டது நான்.

லைல்: சரி... அதை விடு. சின்னப் பையனை எடுத்தா மூணு வருஷம் நம்மகிட்டயே வெச்சுக்கலாம். மத்த அணி எதுக்கும் தர வேண்டாம். அதை யோசி.

மார்லா: அங்கதான் இடிக்குது. நான் சொல்லிட்டேன்ல... இந்த சீசனோட விலகிக்கறேன். அடுத்த வருஷம் அணி உனக்கு மட்டும்தான். மூணு வருஷக் கணக்கை நீ தனியாப் போட்டுக்க.

லைல்: உன் வீட்டுக்காரர் க்ளென் சொல்லித்தானே?

மார்லா: க்ளென் ஒண்ணும் சொல்லலை.

லைல்: சொல்லாம இருக்கறதே சொல்ற மாதிரிதான்.

மார்லா: ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் முன்னாள் புருஷனோட போன்ல கத்திக்கிட்டிருந்தா அந்த மனுஷன் என்னதான் பண்ணுவாரு?

லைல்: மீன் புடிக்கட்டும். விஸ்கான்சின்ல ஏரிக்கா பஞ்சம்?

மார்லா: தனியாத்தான் போறாரு. அதான் கஷ்டமா இருக்கு... பிரிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு, லைல். வீட்டைப் பிரிச்சோம், படகைப் பிரிச்சோம், நாய் யாருக்குன்னுகூட எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

லைல்: அணியை எப்படிப் பிரிக்கறதுன்னு அந்த வக்கீலுக்குத் தெரியலை.

மார்லா: தெரியலைன்னு இல்லை. நான் அதைப் பத்தி வாயே திறக்கலை.

லைல்: நானும்தான்.

மார்லா: சரி, நேரம் ஓடுது.

லைல்: முதல் வருஷம் ஞாபகம் இருக்கா? மூணாவது சுற்றுலயே நீ பந்தை உதைக்கறவனை எடுத்தே. கடைசிச் சுற்றுல மிச்சம் மீதியா எடுக்கற ஆளை. டுவேன் சிரிச்ச சிரிப்புல நாற்காலியோட சாஞ்சான்.

மார்லா: அவன் படத்துல அழகா இருந்தான். எனக்கு வேற என்ன தெரியும் அப்ப?

லைல்: இன்னிக்கும் அந்த நிலவறையில யாராவது அபத்தமா ஒருத்தனை எடுத்தா, 'மார்லா பண்ணிட்டான்'னுதான் சொல்றாங்க. போன வருஷம் வந்த டுவேனோட மருமகன் மார்லாங்கறது ஏதோ விதியோட பேருன்னு நெனச்சுக்கிட்டான்.

மார்லா: பெருமையாத்தான் இருக்கு, போ.

லைல்: நாம கோப்பை ஜெயிச்ச வருஷமும் ஓடறவன்தான் ஜெயிச்சுக் குடுத்தான்.

மார்லா: என் தங்கச்சி கல்யாணம்... சர்ச் வாசல்ல, பனியில, கார்ல ரேடியோ வெச்சுக்கிட்டு. எனக்கு அந்த ஊதா கவுன். பூங்கொத்து வேற உன் மடியில. உள்ள எல்லாரும் என்னைத் தேடறாங்க.

லைல்: கடைசி ஆட்டம், கோட்டுக்கு இன்னும் நாலு கெஜம். வீசினா புடிக்க ஆள் இல்லை. தானே பந்தைத் தூக்கிக்கிட்டு உள்ள விழுந்தான்.

மார்லா: நீ ஹாரனை அழுத்தினே. பாதிரியார் வெளிய வந்துட்டாரு.

லைல்: வந்தவரு ஸ்கோர் கேட்டாரு.

மார்லா: ஆமா... கேட்டாரு. தங்கச்சி இன்னும் என்னை மன்னிக்கலை.

லைல்: டப்ஸ் எழுபத்திரண்டு கெஜம் ஓடின ஆட்டம் இருக்குல்ல, அதுல ஒரு நீள ஓட்டம் வரும். வீடியோவைப் போட்டுப் பாத்துச் சொல்லு.

மார்லா: நீ பாக்கவே இல்லையா?

லைல்: உனக்கு என்ன தெரியுதுன்னு கேக்கறேன்.

மார்லா: இரு... ஓடுது. பந்து கைக்கு வந்தாச்சு. பின்னாடி நகர்றான். இடது பக்கம் ஒரு தடியன் உடைச்சுக்கிட்டு வர்றான்...

லைல்: கால் எப்படி வெச்சிருக்கான்?

மார்லா: பதறலை. இந்நேரம் வேற எவனா இருந்தாலும் ஓட ஆரம்பிச்சிருப்பான். இவன் காத்திருக்கான். தடியன் கை நீட்டின அப்புறம்தான் வலது தோளைக் கீழ இறக்கறான்... தடியன் காத்தைக் கட்டிப்புடிக்கறான். லைல், இது நல்லா இருக்கு.

லைல்: மேல சொல்லு.

மார்லா: கோட்டு ஓரமாப் போறான். தலை நிமிர்ந்தே இருக்கு. ஓடும்போதும் எவனுக்காவது வீச முடியுமான்னு பாத்துக்கிட்டே ஓடறான். அடி விழப்போகுதுன்னு தெரிஞ்சதும் தானே வெளிய கால் வெச்சுட்டான். வீம்பு இல்லை.

லைல்: அப்ப முட்டி தப்பிக்கும்.

மார்லா: தப்பிக்கலாம்... இன்னொரு தடவை போடறேன்.

லைல்: போடு. இந்தத் தடவை மெதுவாச் சொல்லு.

மார்லா: சரி, ஜெயிச்சுட்டே. டப்ஸ்தான். பேரைக் கூப்பிடறது நான். வளர்க்கறது நீ.

லைல்: ரெண்டு பேரும் வளர்ப்போம். மூணு வருஷம்.

மார்லா: முடியாதுன்னு சொன்னேன்ல.

லைல்: ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், மார்லா. க்ளென்கிட்ட நான் பேசறேன்.

மார்லா: நீ பேசவே வேண்டாம். ஒருத்தன் நடக்கறதைப் பாத்தே அவன் எத்தனை வருஷம் ஆடுவான்னு சொல்ற ஆள் நீ. நான் வெறும் கூட்டல். அதை இப்ப கம்ப்யூட்டரே போடுது. நான் எதுக்கு?

லைல்: அது அப்புறம் பேசலாம். ஆறு மணிக்கு வர்றப்ப என்னையும் ஏத்திக்க.

மார்லா: உன் வண்டிக்கு என்ன ஆச்சு?

லைல்: வித்துட்டேன்.

மார்லா: அந்த வண்டியவா? பிரியறப்ப வீட்டையே எனக்கு விட்டுக்குடுத்தே, வண்டியைத் தரமாட்டேன்னு நின்னியே.

லைல்: சும்மா நிக்குது... எதுக்குன்னுதான்.

மார்லா: லைல். நம்ம அணிப் பக்கத்துக்குள்ள நீ கடைசியா வந்தது ஜூன்லன்னு இங்க காட்டுது. கணக்கைப் படிக்கச் சொல்றே. ஓட்டத்தைப் பாத்துச் சொல்லச் சொல்றே. இப்ப வண்டியும் இல்லைங்கறே... தனியா நடத்த உனக்கு ஏன் முடியாது? உண்மையைச் சொல்லு.

லைல்: கண்ணு போயிட்டிருக்கு, மார்லா. ரெண்டும். ஓரத்துல கொஞ்சம் தெரியுது... நேர பாத்தா ஒண்ணும் இல்லை.