வாலில் மஞ்சள் சாயம்

— அப்போ எலியைக் கோங் சார்கிட்ட குடுத்துட்டீங்களா, வென்ஷி அக்கா?

— குடுத்தாச்சு. ஏன் பெய்ரோங், என் எலி பிழைக்கக் கூடாதா? தங்கக்கைக்காரி உன் எலி மட்டும்தான் பிழைக்கணும்னு இந்தச் செங்டு லேப்ல சட்டம் எதாவது இருக்கா?

— சும்மாதான் கேட்டேன்.

— நீ சும்மா கேக்கறது எனக்குத் தெரியாதா. ரெண்டு வருஷமா எலிக்கு ஈரல் மாத்திப் பழகறேன். நீ போன குளிர்காலத்துல வந்தவ. வந்த அன்னையிலேருந்து சார் உன் தோளுக்குப் பின்னாடியே நிக்கறார். எனக்கு டீ ஊத்தற வேலை.

— உங்க தையல் என்னோடதைவிட அழகுக்கா. பழைய ஈரலை வெளியே எடுத்ததும் பதறிடறீங்க, அவ்வளவுதான்.

— பாடம் எடுக்காதே, மகராசி. இந்தத் தடவை பதறல. மறுநாளே எழுந்து ஓடிச்சு, தீனி தின்னுச்சு.

— மறுநாளேவா? என்னோடதெல்லாம் மூலையில சுருண்டு கிடக்குமே.

— எரியுதா? எரியட்டும். அது எப்படியிருக்கும்னு நீயும் தெரிஞ்சுக்கோ. ஷாங்காய்லேருந்து வந்திருக்கற டாக்டருங்க முன்னாடி சார் என் எலி வயித்தைத் திறந்து, ரத்தக்குழாயில வளையம் மாட்டி இணைச்ச இடத்தைக் காட்டப் போறார். அவங்களுக்குப் பிடிச்சிருந்தா அவங்க ஆஸ்பத்திரி வேலைக்கு நான்தான். அங்கே எலியில்ல, மனுஷங்க.

— என் கூண்டுல ஒண்ணு குறையுதுக்கா.

— செத்திருக்கும். உன் எலி சாகவே சாகாதோ?

— செத்தா கூண்டுலதானே கிடக்கும். வால்ல மஞ்சள் சாயம் வச்ச எலி.

— என்னோடதுக்கு முதுகுல.

— வாலை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சீங்களா? உங்க விரல்ல இன்னும் போகலையே.

— அது டீக் கறை.

— அக்கா.

— ஆமா, எடுத்தேன். உனக்கு ஒரு கூண்டு நிறைய ஓடுது. எனக்கு ஒண்ணுகூட இல்ல. போய்ச் சொல்லிக்கோ. நான் மேடையேறப் போற நேரத்துல தங்கக்கை பொறாமையில உளறுதும்பாங்க.

— சார் அறுத்துட்டாரா?

— கையுறை மாட்டிட்டிருந்தார். இப்பக் கூப்பிடுவாங்க. ஏன் அப்படிப் பாக்கறே?

— நான் வால்ல சாயம் வச்சதெல்லாம் ஈரல் மாத்தினதுங்களோட ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக வச்ச எலிங்க. வயித்தைத் திறந்து, எதையும் தொடாம மூடித் தச்சது. அதுக்குள்ள இருக்கறது அது பொறந்தப்பவே இருந்த ஈரல்தான், அக்கா.