இடப்பக்கம் ஒதுங்கும் அம்பு

மழைக்காலத்தில் பசை காய நேரம் பிடிக்கும். வெயில் நாளாக இருந்தால் நீங்கள் கொடுத்த இந்தத் தேநீர் ஆறுவதற்குள் ஓர் இறகு காய்ந்துவிடும். ஆனாலும் நான் அவசரப்படுகிறவன் இல்லை. அம்புக்கு வால் இறகு ஒட்டுகிறவன் அவசரக்காரனாக இருந்தால் வேறு பிழைப்புதான் பார்க்க வேண்டும்.

உங்களுக்குத் துப்பாக்கி பழக்கமாக இருக்கும், குறுக்குவில் பழக்கம் இருக்காது. அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். குறுக்குவில் அம்பின் வாலில் மூன்று இறகுகள் இருக்கும். இறகு என்று பெயர்தான், எல்லாம் பிளாஸ்டிக். இரண்டு ஒரே நிறம், மூன்றாவது வேறு நிறம். அந்த வேற்று நிற இறகை வில்லின் நடுக்கட்டையில் ஓடும் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். மூன்றும் ஒரே பதமாக வளைந்து கொடுத்தால் அம்பு நேராகப் போகும். ஒன்று விறைப்பாகவும் மற்ற இரண்டும் தொளதொளவென்றும் இருந்தால் வால் ஆடும், அம்பு ஒரு பக்கமாக ஒதுங்கும். பார்த்தால் தெரியாது. தொட்டால்தான் தெரியும், அதுவும் பழகிய விரலுக்கு.

என் மகள் போட்டிகளில் எய்கிறவள். பயிற்சிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பட்டறை என்னுடையது. நாண், விசை, குறி பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் அவளே தடவித் தடவிப் பார்ப்பாள். இறகை மட்டும் பார்க்க மாட்டாள். அது அப்பா வேலை. அவளுடைய அம்மா, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவள், திரும்பவே இல்லை. சில பெண்கள் அப்படித்தான். அதன் பிறகு தலை பின்னிவிட்டது முதல் காய்ச்சலுக்குக் கண்விழித்தது வரை எல்லாம் நான்தான். அளவுக்கு மீறிய பாசம் என்று சிலர் சொன்னார்கள். பாசத்தை அளந்து பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இறந்துபோன பையனைப் பற்றிக் கெடுதலாக ஒன்றும் சொல்ல மாட்டேன். நாண் முறுக்குகிற வேலைக்கு வந்தவன். நெட்டை என்றுதான் கூப்பிடுவோம், வாசலில் தலை இடிக்காமல் அவன் உள்ளே வந்ததாக எனக்கு நினைவில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பான். குணத்தில் குறை கண்டுபிடிக்க நானும் முயன்று பார்த்தேன், கிடைக்கவில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன்.

அவனும் மகளும் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போவதாக முடிவு செய்திருந்தார்கள். அங்கே அவனுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. என்னையும் கூடவே வரச் சொன்னார்கள். எனக்கென்று ஓர் அறைகூடப் பார்த்து வைத்திருந்தார்களாம், ஜன்னல் வைத்த அறை.

"நீங்க இல்லாம நான் எப்படிப்பா இருப்பேன்? நீங்களும் வந்துடுங்க" என்றாள் மகள்.

யோசித்துப் பாருங்கள். என் வீட்டில் என் மகளோடு இருந்த நான், அவன் வீட்டில் ஒரு ஜன்னலோடு இருக்க வேண்டுமாம். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுப்பது என்பார்கள். இங்கே பூனை நல்ல பூனை. ஆனாலும் கூண்டு காலிதானே. எனக்கு அன்று வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

போட்டிக்குப் புது இறகு தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் வில்லைத் தாங்கியில் பூட்டி எய்வேன், அவன் இலக்குப் பக்கம் நின்று அம்பு எங்கே விழுந்தது என்று கத்துவான். அங்கே நிற்கிறவனுக்குப் பலகைத் தடுப்பு உண்டு, அதற்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. இறகு சோதிக்கிற நாளில் மட்டும் நாங்கள் யாரும் அந்த விதியை மதிப்பதில்லை. வால் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், அம்பு வந்து சேருகிற இடத்தில் வெளியே நின்றால்தான் முடியும். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதன் மேல் நிற்போம். எல்லாக் கூடத்திலும் நடக்கிற தப்புதான் இது.

அந்த இறகுச் சேர்க்கையை அவன்தான் கண்டுபிடித்தான். விறைப்பான இறகு கீழே, தொளதொளத்தவை இரண்டும் மேலே. எத்தனை தடவை எய்தாலும் அம்பு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளியே போனது. கொஞ்சம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நான் நம்பாத மாதிரி திரும்பத் திரும்ப எய்தேன். அவன் சலிக்காமல் முழங்கையை வைத்து அளந்து அளந்து சொன்னான்.

"மாமா, இது ஆளைக் கொல்ற செட்டு. தூக்கிப் போட்டுடுங்க" என்று சிரித்தான். அவனே மூன்று இறகையும் பிய்த்துக் கொண்டுபோய்க் குப்பை டப்பாவில் போட்டான். அவன் போன பிறகு நான் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன்.

நானே எய்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் எய்திருந்தால் மகள் என்னை வெறுத்திருப்பாள், வெறுத்தவள் வீட்டை விட்டுப் போயிருப்பாள். அவள் கையாலேயே நடந்தால் தன்னைத்தான் வெறுப்பாள். தன்னை வெறுக்கிறவர்கள் எங்கேயும் போக மாட்டார்கள், ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மூலை என் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அன்று காலை கடைசிச் சோதனை. அதை மகள்தான் எய்ய வேண்டும். கோடு எப்போதும் இலக்கின் வலப்பக்கம் இருக்கும். நான் அதை அழித்து, இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டேன். அந்தப் பக்கம் நின்றால் கண்ணில் வெயில் அடிக்காது மாப்பிள்ளை என்றேன். அவனை மாப்பிள்ளை என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முதல் சில அம்புகள் நல்ல அம்புகள், எல்லாம் நடுப்புள்ளியில் போய் நின்றன. அவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அடுத்ததை நான் அவள் கையில் கொடுத்தேன். அவள் பார்க்காமலே வேற்று நிற இறகைப் பள்ளத்தில் வைத்தாள்.

வழக்கமாக அவன் அளவைக் கத்திச் சொல்வான். அந்தத் தடவை சொல்லவில்லை. "எவ்வளவு தள்ளிப் போச்சு?" என்று அவள்தான் இரண்டு தடவை கேட்டாள். பிறகு வில்லைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நான் முதலில் வில்லை எடுத்து மேசை மேல் வைத்தேன், நல்ல வில்.

நீங்கள் வந்தீர்கள், விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று வந்தவர் போனவரெல்லாம் அவளிடம் சொன்னார்கள். அவள் சாப்பிடவில்லை, நான் ஊட்டினேன். தலை வாரவில்லை, நான் வாரிவிட்டேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. எனக்கு அந்த நாட்கள் மிகவும் நன்றாக இருந்தன.

ஒரு நாள், நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அப்பா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. உண்மையைச் சொல்லுங்க. என் கை ஆடுச்சா?"

"லேசா ஆடுச்சும்மா" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? ஆடவில்லை என்றால் அடுத்து இறகைப் பற்றித்தானே கேட்பாள். அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என்னைத் தவிர அவளுக்கு வேறு ஆறுதல் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் இப்படிக் காவல் நிலையத்தில் வந்து நிற்பாள் என்று நான் கணக்குப் போடவில்லை. வேண்டுமென்றே கொன்றேன், தண்டனை கொடுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்களும் நம்பி, அவளை அந்தப் பக்கத்து அறையில் வைத்துவிட்டீர்கள். வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் நான் வந்திருக்கிறேன். அம்பு உங்களிடம்தானே இருக்கிறது? கொண்டுவரச் சொல்லி, ஒவ்வோர் இறகாக விரலால் வளைத்துப் பாருங்கள். வேற்று நிறம் மட்டும் வளையாது. கொன்றது நான். மூன்று இறகையும் பொறுக்கி ஒட்டியது நான், கோட்டை மாற்றிப் போட்டது நான், அவனை அதன் மேல் நிற்க வைத்தது நான். அவள் கை இம்மியும் ஆடவில்லை. நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், அவளுக்கு மனசு லேசாகும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். என்னை எந்தச் சிறைக்கு அனுப்புவீர்கள், பார்க்க வருகிறவர்களை எந்த நாளில் உள்ளே விடுவார்கள் என்பதையும் அவளுக்கு விளக்கிச் சொல்லி அனுப்புங்கள். கட்டாயம் வருவாள். என்னை விட்டால் அவளுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?