தாடிக்காரருக்கு விழாத ஓட்டு

நியூ ஜெர்சியில் குடியுரிமைத் தேர்வுக்குக் காத்திருந்தேன். கொடுத்த கேள்விகள் அத்தனையும் படித்தாயிற்று என்ற தெம்பு. பின் வரிசையில் ஒரு தமிழ்த் தம்பதி. தேர்வு கணவருக்கு.

"1864 எலெக்‌ஷன்ல ஜெயிச்சது அடிமை முறையை ஒழிச்ச, அஞ்சு டாலர் நோட்டுல இருக்கிற தாடிக்காரர்தான். ஆனா நம்ம ஸ்டேட் அவரைத் தோக்கடிச்சிருச்சு, தெரியுமா?"

கேள்வித்தாளை அவசரமாகப் புரட்டினேன். இதை நான் படிக்கவே இல்லையே!

"ஏங்க, அது சிலபஸ்லயே இல்ல."

"ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல அவுட் ஆஃப் சிலபஸ் கேக்கல?"

"அதுக்குத்தான் கிரேஸ் மார்க் குடுத்தாங்கல்ல?"

"இங்க யாரு குடுப்பா? அப்ப நீங்க இருந்திருந்தா யாருக்கு ஓட்டு போட்டிருப்பீங்கன்னு ஆபீசர் என்னைக் கேட்டா?"

"தாடிக்காரருக்குன்னு சொல்லுங்க."

"ஆபீசர் இந்த ஊர்க்காரரா இருந்தா கோச்சுக்குவாரே!"

"அப்ப எதிர்க்கட்சின்னு சொல்லுங்க."

"அது தோத்த கட்சிடி!"

எந்தக் கட்சி என்று முடிவெடுக்க முடியாமல் நானும் குழம்பினேன்.

"ஓட்டே போட்டிருக்க மாட்டேன்னு சொல்லுங்க. அப்பவும் நீங்க கிரீன் கார்டுக்குத்தானே வெயிட் பண்ணிட்டு இருந்திருப்பீங்க!"

"அப்பாடா" என்றார் கணவர். அந்தப் பதிலை நானும் மனப்பாடம் செய்துகொண்டேன்.