கடல் ஏறும் நேரம்

இங்வில்ட்: பிரிண்டர அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு, அஸ்லாக். அதையே மறுபடி சொல்லாத.

அஸ்லாக்: சரி, சரி. பெர்கன்லேர்ந்து முதல் படகப் புடிச்சு வந்திருக்கேன். ஒரு காப்பி குடுத்துட்டாவது தம்பியத் திட்டுக்கா.

இங்வில்ட்: கெட்டில்ல இருக்கு, ஊத்திக்கோ. முதல்ல செவுத்துல அந்த ஆணியப் பாரு.

அஸ்லாக்: ...அஞ்சு தாளா?

இங்வில்ட்: திங்கள்லேர்ந்து இன்னிக்கு வெள்ளி வரைக்கும். காலைல அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு. கடல் ஏறுற நேரம், இறங்குற நேரம். அந்தந்த நாளுக்கு உள்ளது.

அஸ்லாக்: அப்பா எடுக்கற தாள்.

இங்வில்ட்: அவர் எடுக்கற அதே நேரம். கீழ படகுக் கொட்டகைலேர்ந்து லேப்டாப்புல அனுப்பிட்டு, மெதுவா மேல ஏறி வந்து, தாள இந்த ஆணில குத்திட்டுத்தான் காப்பில கை வைப்பார்.

அஸ்லாக்: போன்லயே பாத்துக்கலாமேப்பான்னா, மீன் கையோட போனத் தொடணுமாடாம்பார்... சரி, யார் அனுப்பினதுன்னு பிரிண்டர் எழுதி வச்சிருக்கும். இரு.

இங்வில்ட்: பாரு.

அஸ்லாக்: ...கோரே. அஞ்சும் கோரே.

இங்வில்ட்: அப்பா பேரு.

அஸ்லாக்: அது லேப்டாப்போட பேருக்கா. நான்தான் அப்படி வச்சுக் குடுத்தேன். ஆள் இல்ல.

இங்வில்ட்: லேப்டாப்பு அவரோட கடல்ல போச்சு. படகு மட்டும் காலியாக் கிடைச்சுது. அப்ப எதுடா அனுப்புது?

அஸ்லாக்: பழசு ஏதாவது வரிசைல சிக்கியிருக்கும்.

இங்வில்ட்: பழசுல இன்னிக்குத் தேதி இருக்குமா?

அஸ்லாக்: ...வரிசையும் காலியாத்தான் இருக்கு. வைஃபை பாஸ்வேர்டு என்ன?

இங்வில்ட்: பழுப்புச்சீஸ், ஒண்ணு ரெண்டு மூணு.

அஸ்லாக்: இதை வச்சா தீவு முழுக்க உள்ள வந்துடும்.

இங்வில்ட்: இது புதுசுடா. செவ்வாக்கிழமை மாத்தினேன். புதன் காலைலயும் வந்துச்சு.

அஸ்லாக்: உள்ள யார் யார் இருக்காங்கன்னு பாப்போம்... உன் லேப்டாப்பு, என் போன், பிரிண்டர். கோரே இல்ல. வைஃபையவே அணைச்சிடறேன். சனியன், கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்.

இங்வில்ட்: வர்ற திங்கக்கிழமை கோர்ட்டுல, அப்பா இறந்துட்டார்னு நாம கையெழுத்துப் போடணும். அவர் கடலுக்குப் போன அக்டோபர் பதினாலு காலைல என்ன நடந்துச்சுன்னு தெரியாம என்னால போட முடியாது.

அஸ்லாக்: என்ன நடந்திருக்கும்... காத்து, அலை. நான் பெர்கன்ல இருந்தேன். நீ தூங்கிட்டு இருந்த.

இங்வில்ட்: ஆமா. அப்படித்தான் போலீஸ்லயும் சொன்ன.

அஸ்லாக்: ஏன் இப்படிப் பாக்கற?

இங்வில்ட்: ஒண்ணுமில்ல. அந்த லேப்டாப்ப யாராவது எடுத்து வச்சிருந்தா? கொட்டகை வரைக்கும் வைஃபை எட்டுமே.

அஸ்லாக்: எடுத்தாலும் ஓடாதுக்கா. மூடி ரெண்டாப் பொளந்து, பாதி பட்டன் பேந்து கிடக்கற மெஷின் எத அனுப்பும்?

இங்வில்ட்: ...பொளந்து கிடக்கா?

அஸ்லாக்: கிடக்கும்னு சொல்றேன். கடல்ல விழுந்தா...

இங்வில்ட்: கடல்ல விழுந்தா நனையும். எங்க இருக்கு அது?

அஸ்லாக்: காப்பி ஆறுது.

இங்வில்ட்: அஸ்லாக். எங்க?

அஸ்லாக்: ...என் வீட்ல. பெர்கன்ல. பழைய போர்வைக்கு அடில.

இங்வில்ட்: அன்னிக்கு இங்க வந்திருக்க.

அஸ்லாக்: முந்தின ராத்திரி கடைசிப் படகுல. கண்ணு மங்கிப்போச்சு, இனிமே தனியாக் கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்ல வந்தேன். விடிய விடிய கொட்டகைல உக்காந்து சண்டை. அவர் காதுலயே வாங்கல. மணி பாத்தார், தாள் அனுப்பணும்னு லேப்டாப்பத் தொறந்தார்.

இங்வில்ட்: நீ...

அஸ்லாக்: பிடுங்கித் தரைல அடிச்சேன். தாள் இல்லாம அவர் ஒரு நாளும் போனதில்லையேக்கா. அதனால போகமாட்டார்னு நெனச்சேன்.

இங்வில்ட்: போயிட்டார்.

அஸ்லாக்: என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. உடைஞ்சத வாரிப் பைல போட்டுட்டு முதல் படகுல ஏறிட்டேன். சாயங்காலம் நீ போன் பண்ணினப்போ, பெர்கன்ல இருக்கேன்னு வாய்ல வந்துடுச்சு. அப்புறம் அதை மாத்த முடியல. திட்டுக்கா.

இங்வில்ட்: பிரிண்டர் சத்தம் கேக்குதா?

அஸ்லாக்: ...வைஃபைய அணைச்சிட்டேனே.

இங்வில்ட்: தாள எடு.

அஸ்லாக்: நீ எடு. நான் தொடமாட்டேன்.

இங்வில்ட்: ...கடல் ஏறுறது ஆறு பத்து. இறங்குறது பன்னெண்டு இருபத்திமூணு.

அஸ்லாக்: இன்னிக்கு உள்ளதுதானே?

இங்வில்ட்: இல்ல. அக்டோபர் பதினாலு.

அஸ்லாக்: அன்னிக்கு உள்ளது... அவருக்குக் கிடைக்காத தாள். அக்கா, போதும். உன் லேப்டாப்புலேர்ந்து நீதானே அனுப்பற?

இங்வில்ட்: என் லேப்டாப்பு உன் கைக்குக் கீழ மூடிக் கிடக்குடா... அன்னிக்கு நீ பையக் கட்டிப் புடிச்சுட்டுப் படகுல ஏறினத படகுத்துறைக் கடைக்காரி பாத்திருக்கா. போன வாரம்தான் சொன்னா. உன் வாயத் தொறக்க வைக்கணும்னு, என் லேப்டாப்புக்கு அப்பா பேர வச்சுத் திங்கக்கிழமை ஒரே ஒரு தாள் அனுப்பினேன். உடனே பழைய பேருக்கே மாத்திட்டேன். செவ்வாலேர்ந்து வந்ததெல்லாம் எப்படியோ நீ அனுப்பறன்னுதான் இவ்வளவு நேரம் நெனச்சுட்டு இருந்தேன்.