அழிக்க விடாத டிஸ்க்

மத்தியானம் இரண்டரை மணி. சிரிக்காதே. ராத்திரி பன்னிரண்டு அடித்த பிறகுதான் வர வேண்டும் என்று பேய்க்கு யாராவது உத்தரவு போட்டிருக்கிறார்களா என்ன? சுள்ளென்று வெயில்... நீளமான தெரு... கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடக்கின்றன. ஒரு ஈ காக்கை இல்லை. அந்தத் தெருவில்தான் என் சிநேகிதனின் மைத்துனன் ஸ்கூட்டரில் போனான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். வீட்டில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் சூரப்புலி. புலியாவது ஒன்றாவது! குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அதை இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். யார் கூப்பிட்டாலும் அவனுக்கு இளக்காரம். "இதுங்களுக்கெல்லாம் எதுக்குக் கம்ப்யூட்டர்? பல்லாங்குழி வாங்கிக் குடுத்தாப் போதாது?" என்பான்.

தெருக்கோடி வீட்டில் ஒரு பெரியவர். தனியாள். மனைவி போய் ஒரு வருஷம். அந்த அம்மாவுக்கு இழுப்பு நோய். மூச்சு முட்டும்போதெல்லாம் வாயில் வைத்து 'புஸ்'ஸென்று அடித்துக்கொள்ளும் மருந்தும், நெஞ்சில் தேய்க்கிற தைலமுமாகவே வாழ்ந்தவள். இனித் தேற மாட்டோம் என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் குரலைப் பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கொஞ்சல் என்று நினைத்தாயா? முழுக்கத் திட்டு. 'மாத்திரைய முழுங்கினீங்களா, இல்ல தலகாணிக்கு அடியில ஒளிச்சிட்டீங்களா?' 'அந்த அழுக்குச் சட்டையக் கழட்டுங்க, பாக்கச் சகிக்கல.' பெரியவர் காலையில் எழுந்ததும் அதைப் போட்டு வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டுதான் பல்லே தேய்ப்பார். அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது பாதியில் நின்று நின்று போகிறது.

"தம்பி, எது போனாலும் போகட்டும். அவ குரல் மட்டும் போயிடக் கூடாது. வேற எங்கயும் இல்ல அது."

"சிஸ்டத்தப் புதுசாப் போட்டாச் சரியாயிடும் பெரியவரே. காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான் கையே வெப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் மறுபடி வந்தார். "எடுத்தாச்சா தம்பி?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. இதுலதான் இருக்கு உங்க வீட்டம்மா." ஒரு பென் டிரைவை ஆட்டிக் காட்டினான்.

அதில் ஒரு மண்ணும் இல்லை. அத்தனையையும் காப்பி எடுக்கச் சாயங்காலம் ஆகிவிடும். ஒரு கிழவியின் புலம்பலுக்காக அவ்வளவு நேரம் உட்கார அவன் என்ன இளிச்சவாயனா? இந்தத் தொழிலில் இவனை மாதிரி ஆட்களுக்கு இது ஒரு வழக்கம். எடுத்தாச்சு என்று முதலில் அளப்பது, பிறகு டிஸ்க் கெட்டுப்போச்சு என்று கையை விரிப்பது. யார் கேட்கப்போகிறார்கள்? தூ!

பெரியவர் நிம்மதியாக உள்ளே போய்ப் படுத்தார். சூரப்புலி ஆரம்பித்தான். பழையது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினான்.

நின்றுவிட்டது. அம்புக்குறி நகரவில்லை. பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடி போட்டான். மறுபடி அதே இடத்தில்... நின்றது.

மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினான். நின்றது. கேபிளை மாற்றினான். நின்றது. பையிலிருந்து வேறொரு காலி டிஸ்க்கை மாட்டிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. பழைய டிஸ்க்கைத் திருப்பி மாட்டினான். அதே கேள்வி... அதே இடம்...

புஸ்.

காதருகே. சின்னச் சத்தம். கூடவே தைல வாசனை, யாரோ இப்போதுதான் தேய்த்துக்கொண்ட மாதிரி. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான்.

புஸ்... புஸ்.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்? விழுந்தடித்து ஓடியிருப்பாய். குறைந்தபட்சம் அந்த டிஸ்க்கையாவது பத்திரமாக எடுத்து வைத்திருப்பாய். இவனுக்குப் பயம் வரவில்லை, ரோஷம் வந்தது. ஒரு ஓட்டை டப்பா தன்னை ஜெயிப்பதா? டிஸ்க்கை உருவி, ஒரு கேபிள் போட்டுத் தன் லேப்டாப்பில் செருகினான். அங்கிருந்தபடியே மொத்தத்தையும் அழித்தான். ஒரு தடவை அழித்தும் மனசு ஆறவில்லை. இனி யாராலும் மீட்க முடியாதபடி மேலே வெறும் பூஜ்யங்களாக எழுதவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். காப்பி எடுக்க நேரமில்லாதவனின் புத்தியைப் பார்த்தாயா?

பச்சைக் கோடு ஓடி முடிந்தது. வாசனை போயிற்று. சத்தமும் இல்லை. டிஸ்க்கைத் திருப்பி மாட்டியதும் சிஸ்டம் ஒரு மக்கரும் பண்ணாமல் ஏறியது. சூரப்புலி கையைத் தட்டிக்கொண்டான்.

அப்போதுதான் எழுந்து டீ போடப் போயிருந்த பெரியவர் ஓடி வந்தார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "போடு தம்பி. ரெண்டு நாளாச்சு அவ குரல் கேட்டு."

டிஸ்க் கெட்டுப்போச்சு பெரியவரே, ஒண்ணும் மீட்க முடியல... இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"பால அடுப்புல வெச்சுட்டு இங்க வந்து என்ன வேடிக்க? பொங்கி வழியுது பாருங்க. உங்களப் போயி நம்பி ஒரு வீட்ட விட்டுட்டு வந்தேனே, என்னச் சொல்லணும்!"

பெண் குரல். வயசான குரல், நடுவில் மூச்சு வாங்குகிறது. சூரப்புலி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். குரல் விரலிடுக்கு வழியாக வந்தது.

"உக்காந்தே இருக்காரு பாரு, கல்லுப்பிள்ளையார் மாதிரி!"

பெரியவர் அவனையே உற்றுப் பார்த்தார். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். முகத்தில் துளி பயம் இல்லை.

"இத நீ பதியவே இல்லையேடி," என்றார். "இது புதுசு."

சூரப்புலி பையைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் பாய்ந்தான். அதற்குள் பெரியவர் அங்கே நின்றிருந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியை அவனுக்கு எதிரே நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"ம்... இன்னும் திட்டு," என்றார்.