மூளைக்குப் போவாத மாத்திரை

இல்ல தம்பி, தீந்து போச்சின்னு சொல்லாதீங்க. அதோ, உங்க தலைக்குப் பின்னால தட்டுல அந்த நீல டப்பா தெரியுது. இளமதி போன் பண்ணிச்சா? அம்மா வந்து கேட்டா அப்பாவோட மாத்திரையக் குடுக்காதீங்கன்னு சொல்லிச்சா? அதானே பார்த்தேன். நான் படியேறும்போதே எடுத்து வெச்சிடுவீங்களே ஜெயராஜு, இன்னிக்கி என்னா மூஞ்சியத் திருப்பிக்கிறீங்கன்னு.

கூட்டம் கொறையட்டும், நிக்கறேன். இங்க இல்லன்னா மங்கலம்பேட்டை பஸ்ஸப் புடிக்க வேண்டியது தான். கையிலயா? அது ஒண்ணுமில்ல, பொம்மக் கம்பெனில சூளைகிட்ட பட்டுக்கிச்சி.

எம்பொண்ணு என்னா படிக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? பாண்டிச்சேரில எலிய வெச்சி ஆராய்ச்சி பண்ணுது. வெளிய சொல்ல நாக்கு கூசுது. எலின்னாலே எனக்குக் கொமட்டும். பொம்ம அடுக்கற வைக்கோலுக்குள்ள கைய வுட்டா, கண்ணு தொறக்காத குட்டிங்க செவப்பா நெளியும். அன்னிக்கிப் பூரா சோறு எறங்காது. அந்தக் கருமத்துக்கு மெத்த போட்டு, எட பார்த்து, நேரத்துக்குத் தீனி வெக்கிது நான் பெத்தது. லீவுல வந்தா அது துணிய நான் தனியாத் தான் ஊற வெப்பேன். கோவிச்சிக்கும். கோவிச்சிக்கட்டும்.

போன வருசம் போன் பண்ணி, அம்மா, ஒரே அச்சுல ஊத்துன பொம்ம ஜோடி ஜோடியா வேணும், பெயிண்டுல கூட வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னிச்சி. கொலு வெக்கிறாங்க போலன்னு நெனச்சி, வாத்துல ஒரு ஜோடி, பிள்ளையார்ல ஒரு ஜோடி, பார்த்துப் பார்த்து பொறுக்கி எடுத்துப் பஸ்ஸுல போட்டு வுட்டேன். அப்பறம் செல்லுல வீடியோ அனுப்புது. ஒரு பொட்டி, உள்ள நம்ம வாத்து ரெண்டு. எலி வந்து ரெண்டையும் மோந்து மோந்து பாக்குது. மறுநாளு ஒரு வாத்த எடுத்துட்டு அந்த எடத்துல பிள்ளையார வெக்கிறாங்க. அது மேல ஏறி ஒண்ணுக்கு அடிக்கிது தம்பி. தூ. அவுரு வாகனமா இருந்தா மட்டும் போதுமா, அதுக்கு ஒரு மரியாத வேணாமா? அன்னியோட அந்த வீடியோ எதையும் நான் தொறக்கறதில்ல.

அதுல என்னா ஆராய்ச்சின்னா, நல்லா இருக்கற எலி அந்த வாத்த சீண்டாதாம். நேத்து பார்த்தது தானேன்னு வுட்டுட்டு, புதுசா வந்த பிள்ளையாரையே சுத்துமாம். அப்ப ஞாபகம் இருக்குதுன்னு அர்த்தம். மூளையில என்னமோ கோலினோ என்னமோ, அப்படி ஒரு ரசாயனம் ஊறுதாம். பார்த்தத உள்ள பதிய வெக்கிறது அது தானாம். அத அடைக்கற ஊசியப் போட்டுட்டா, நேத்து மோந்த வாத்தையே இன்னிக்கித் தான் பாக்கற மாதிரி மோக்குமாம். வாத்தும் பிள்ளையாரும் அதுக்கு ஒண்ணு தான்.

ஏன் சொல்றேன்னா, அவுருக்கு மூத்திரம் நிக்காமப் போன கத உங்களுக்கே தெரியும். பாயி, கைலி, செவுத்தோரம், எங்க பார்த்தாலும் நாத்தம். காலைல எல்லாத்தையும் அலசிப் போட்டுட்டு அந்தக் கையாலயே டப்பால சோறு கட்டிக்கிட்டுப் போவேன். மத்தியானம் மூடியத் தொறந்தா அதுலயும் அதே வாசன வர மாதிரி இருக்கும். புருசனுக்குச் செய்யறது புண்ணியம்னு பேசறவங்க ஒரு நாளு வந்து அந்தப் பாயத் தூக்கிப் பாக்கணும்.

டாக்டரு நல்லதுக்குத் தான் இந்த மாத்திரைய எழுதிக் குடுத்தாரு. நின்னும் போச்சி. ஆனா கொஞ்ச நாள்ல தெருக்காரங்களத் தெரியல, அப்பறம் என்னையே தெரியல. வயசாச்சின்னு வுட்டுட்டோம். இளமதி தான் லீவுல வந்து அட்டையத் திருப்பிப் பார்த்துட்டுத் தலைல கைய வெச்சிக்கிச்சி. நான் எலிக்குப் போடற ஊசியும் இதுவும் ஒரே சாதிம்மா, எல்லாருக்கும் இப்படி ஆவாது, அப்பாவுக்கு மேல ஏறி மூளையில அடைக்கிதுன்னிச்சி. டாக்டர்கிட்ட பேசி நிறுத்த வெச்சிட்டுத் தான் பஸ் ஏறிச்சி. நிறுத்துன மறுநாளே பாயி நனைஞ்சிடிச்சி.

என்னா? வேற மாத்திரையா? டாக்டரே மாத்திக் குடுக்கச் சொல்லிட்டாரா? மூத்திரமும் நிக்கும், மூளைக்கும் போவாதா? இளமதி ஏற்பாடா. கெட்டிக்காரி.

அது வேணாம் தம்பி. பழசையே குடுங்க.

நாத்தத்துக்காக இல்ல. அந்த அம்மா மருந்து வாங்கிட்டுப் போவட்டும், சொல்றேன்.

அந்த நீல டப்பா மாத்திரைய சாப்புட்டுக்கிட்டு இருந்தப்ப, காலைல கண்ண முழிச்சி என்னப் பாப்பாரு. எந்திரிச்சி கைலிய ஒழுங்கா கட்டிக்கிட்டு, வாங்கம்மா, யார் வூட்டுக்கு வந்திருக்கீங்கன்னு கேப்பாரு. டீ குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்குவாரு. நீங்க குடிச்சிட்டீங்களான்னு கேப்பாரு. உங்க பேரு என்னாம்மான்னுவாரு. மகேஸ்வரிம்பேன். நல்ல பேருன்னுவாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அவுரு வாயால அந்தப் பேர நான் கேட்டதில்ல. மறுநாளும் கேப்பாரு. நானும் மறுபடி சொல்லுவேன்.

இளமதி ஹாஸ்டல்ல வளந்த புள்ள. அதுக்கு அப்பான்னா உசுரு. அது வூட்ல இருந்தா அவுரு கொரலு ஒசராது.

நேத்து காலைல டீ எடுத்துக்கிட்டுப் போனேன். பார்த்தாரு. நல்லா உத்துப் பார்த்தாரு. மூதேவி, இவ்ளோ நேரம் எங்கடி போயித் தொலைஞ்சன்னு கேட்டுட்டு டம்ளர என் மேல வீசுனாரு. கொதிக்கக் கொதிக்க. சூளையில பட்டதுன்னு தான் கம்பெனிலயும் சொல்லி வெச்சிருக்கேன்.

சாயந்தரம் எம்பொண்ணு போன்ல கேக்குது, அப்பாவுக்கு ஒன்ன அடையாளம் தெரிஞ்சிச்சாம்மான்னு. தெரிஞ்சிச்சிடின்னேன். சந்தோசத்துல அழுவுது.

அந்த நீல டப்பா தம்பி. எடுங்க.